ஐந்து லட்சம் பேர் குடிவருகிறார்கள்

வோக்னெஸில் நாங்கள் பத்தொன்பது தமிழர் இருந்தோம். பத்தொன்பது பேருக்கு ஒரு சங்கம். சங்கத்துக்குப் பதினொரு பதவிகள். மிச்சம் எட்டுப் பேரும் பதவி கிடைக்காத கோபத்தில் இருந்தோம். நான் அந்த எட்டில் ஒருவன்.

நோர்வேயின் உச்சந்தலையில், கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டு கிடக்கும் ஊர் அது. ஒரு மீன் தொழிற்சாலை, ஒரு தேவாலயம், ஒரு பள்ளிக்கூடம், ஒரு தெரு. நாங்கள் எல்லோரும் தொழிற்சாலையில் மீன் வெட்டினோம். சங்கத் தலைவர் சபாரட்ணம் அண்ணையும் எங்களோடு நின்று மீனில் முள் பிடுங்கினவர்தான். ஆனால் யாழ்ப்பாணத்தில் கூட்டுறவுச் சங்கக்கடை மனேஜராக இருந்தவர். சங்க விஷயம் பேசுவதென்றால் வீட்டுக்குள்ளேயும் கழுத்துப்பட்டி கட்டிக்கொள்வார். அவருடைய மனைவி இரத்தினமலர் அக்காவின் கத்திதான் தொழிற்சாலையிலேயே வேகமான கத்தி. அதைவிட வேகமானது வாய்.

தொண்ணூற்றைந்தாம் ஆண்டு ஒக்டோபர் முடிவில் அந்தச் செய்தி வந்தது. ஆமி முன்னேறி வர, யாழ்ப்பாணம் ஒரே இரவில் வெறுமையாகிவிட்டது. ஐந்து லட்சம் சனம் மழைக்குள் நடந்து தென்மராட்சிப் பக்கம் போகிறது என்று வானொலி சொன்னது. தொலைபேசி எதுவும் வேலை செய்யவில்லை. இரத்தினமலர் அக்காவின் தாய் சண்டிலிப்பாயில் தனியே இருந்தவர். எழுபது வயது, முழங்கால் வருத்தம். எங்கே போனார், போனாரா என்றே தெரியாது. அக்கா அழவில்லை. வேலையில் மீனைத்தான் வெட்டு வெட்டென்று வெட்டினாள். பக்கத்தில் நிற்கவே பயமாக இருந்தது.

ஒஸ்லோவில் எங்கள் ஆட்கள் ஆயிரக்கணக்கில் பாராளுமன்றத்துக்கு முன்னால் நின்றார்கள். எங்களுக்கு அங்கே போவதென்றால் ஒரு கப்பல், ஒரு பஸ், இரண்டு விமானம் ஏற வேண்டும். லீவும் கிடையாது. சபாரட்ணம் அண்ணை அவசரக் கூட்டம் கூட்டினார்.

"ஒஸ்லோவுக்குப் போகாட்டி என்ன? எங்கட ஊரிலயும் தெரு இருக்குத்தானே. நாங்களும் ஊர்வலம் போவம்."

"ஆர் அண்ணை பாக்கப் போகினம்? அந்தத் தெருவில நாய்கூடப் பொழுதுபட்டா வராது" என்றேன்.

"நீர் பேசாமல் இரும் சீலன். உமக்குப் பதவி இல்லை."

"ஓமப்பா, பதவியில இருக்கிற பதினொரு பேரும் முன்னுக்குப் போங்கோ, நாங்கள் எட்டுப் பேரும் பின்னால சனமா வாறம்" என்றாள் இரத்தினமலர் அக்கா. அவளுக்கும் பதவி இல்லை. அதை அவள் மறக்கவும் இல்லை.

அனுமதி கேட்கப் பொலிஸ் பொறுப்பதிகாரி ஆர்ன்ஃபினிடம் அண்ணையோடு நானும் போனேன். இருபது வருட சேவையில் அவர் கண்டதெல்லாம் குடிகாரரும் தெருவில் படுக்கிற கலைமான்களும்தான். ஊர்வலம் என்ற சொல்லைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்த ஊரில் பொலிஸானாலும் பாதிரியானாலும் எல்லோருக்கும் 'நீ'தான். அண்ணைக்கு அது கடைசிவரை பழகவில்லை.

"ஊர்வலமா? ஆருக்கு எதிரா?"

"இலங்கை அரசாங்கத்துக்கு எதிரா."

"அது இஞ்ச இல்லையே."

"அங்க செய்ய விட்டால் நாங்கள் ஏன் இஞ்ச வந்தனாங்கள்?"

ஆர்ன்ஃபின் யோசித்தார். நியாயமாகத்தான் பட்டது போல. "கல்லெறிவியளோ?"

"சீச்சீ."

"கண்ணாடி ஏதும் உடைப்பியளோ?"

"நாங்கள் அமைதியான ஆக்கள்."

அவருடைய முகம் கொஞ்சம் வாடிப்போனது. பிறகு ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "எல்லாரும் மினுங்கிற அங்கி போட வேணும். நீங்களும் கறுப்பு, கோட்டும் கறுப்பு, இந்த மாசத்தில பகலும் கறுப்பு. மீன் லொறி அடிச்சால் நான்தான் றிப்போட் எழுதிக்கொண்டிருக்க வேணும்."

அது நவம்பர் கடைசி. சூரியன் போய்விட்டது, இனி ஜனவரியில்தான் வரும். மத்தியானம் பன்னிரண்டு மணிக்கும் வானம் நீலமை கரைத்த தண்ணீர் மாதிரி இருக்கும்.

பதாகை எழுதும் பொறுப்பை அண்ணை யாருக்கும் கொடுக்கவில்லை. நோர்வேக்காரரின் நொஸ்க் மொழி நாங்கள் மீன் வெட்டும் மேசையில் படித்தது. மீனின் பெயர்களும் தூஷணமும்தான் அதில் சுத்தமாக வரும். அவர் மட்டுமே மொழிச் சோதனை எழுதிப் பாஸானவர். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு, தொழிற்சாலை விடுதிக் கட்டிலில் இருந்து கழற்றிய வெள்ளை விரிப்பில், சிவப்பு மையால், "ஐந்து லட்சம் தமிழர் தப்பி ஓடுகிறார்கள். இப்போதே உதவுங்கள்!" என்று எழுதினார். அப்படித்தான் அவர் நினைத்தார். எழுத்து என்னவோ அச்சில் வார்த்தது போல அழகாக இருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் புறப்பட்டோம். ஆர்ன்ஃபின் கையில் விளக்கோடு முன்னால் நடந்தார். பின்னால் பதாகை. அதன் பின்னால் செம்மஞ்சள் அங்கியில் பதினொரு பதவிகளும் எட்டுச் சனமும். காற்று அடித்த அடியில் நாங்கள் போட்ட கோஷம் எங்கள் வாய்க்குள்ளேயே திரும்பி வந்தது. எதிரே வந்த ஒரேயொரு மீன் லொறியை ஆர்ன்ஃபின் கையைக் காட்டி மறித்தார். சாரதி தலையை வெளியே நீட்டி, எவ்வளவு நேரம் என்று கத்தினான்.

"இது சனநாயகம். வாயைப் பொத்திக்கொண்டு நில்!" என்றார் ஆர்ன்ஃபின். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் அதற்கு முன் கண்டதில்லை.

யன்னல் திரைகள் விலகின. தெருமுனைக் கடைக்கார யோர்டிஸ் வாசலுக்கு வந்து கண்ணாடியைப் போட்டுப் பதாகையை இரண்டு தரம் வாசித்தாள். எழுபதை நெருங்கிய பெண், தனிக்கட்டை. தொண்டை கப்பல் சங்கு மாதிரி. எங்களைப் பார்த்து என்னவோ கேட்டாள். காற்றில் விளங்கவில்லை. அண்ணை கையெடுத்துக் கும்பிட்டார். தேவாலயத்தடியில் ஊர் முடிந்துவிட்டது. ஊர்வலமும் முடிந்தது. எல்லோரும் மூக்கை உரஞ்சிக்கொண்டு வீட்டுக்குப் போனோம்.

பிறகுதான் அதிசயம் நடக்கத் தொடங்கியது.

திங்கட்கிழமை தொழிற்சாலையில் எல்லோரும் எங்களை ஒரு மாதிரி இளகிப்போய்ப் பார்த்தார்கள். மேற்பார்வையாளன் வந்து, "அவையள் எல்லாருக்கும் மீன் வெட்டத் தெரியுமோ?" என்று என்னிடம் கேட்டான். ஊரில் கடற்கரைச் சனத்துக்குத் தெரியும் என்றேன். "நல்லது, நல்லது" என்று போனான். செவ்வாய்க்கிழமை யோர்டிஸ் அண்ணையின் வீட்டுக் கதவைத் தட்டினாள். நானும் அங்கே இருந்தேன்.

"என்ர மேல்வீட்டில ரெண்டு அறை சும்மா கிடக்கு. ஒரு குடும்பத்தை வைக்கலாம். குடிகாரன் வேண்டாம். குழந்தைப்பிள்ளை அழுதால் பரவாயில்லை, எனக்குக் காது அவ்வளவு கேளாது."

அண்ணைக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் போனதும், "பாத்தியளே!" என்று கழுத்துப்பட்டியை இறுக்கினார். "ஒரே ஒரு ஊர்வலம்! ஒஸ்லோக்காரர் மாசக்கணக்காக் கத்தி என்னத்தைக் கண்டவை?" உடனே ஒஸ்லோவுக்குத் தொலைபேசி எடுத்தார். வோக்னெஸ் மக்கள் இடம்பெயர்ந்த தமிழருக்குத் தங்கள் வீடுகளையே திறந்துவிட்டார்கள் என்று சொன்னார். அன்று பின்னேரம் ஒஸ்லோத் தமிழ் வானொலி அதை முதற் செய்தியாக வாசித்தது. புதன்கிழமைக்குள் ஜெர்மனியிலிருந்தும் பாரிஸிலிருந்தும் அண்ணையின் வீட்டுக்கு அழைப்புகள் வந்தன. "அண்ணை, என்ர சித்தப்பாவின்ர ஆக்கள் ஆறு பேர். கப்பல் எங்கயிருந்து வெளிக்கிடுது?"

"எந்தக் கப்பல்?" என்று அண்ணை முதல் இரண்டு பேரிடம் கேட்டார். மூன்றாவது ஆளிடம், "விபரம் பிறகு அறிவிப்பம்" என்றார். இரத்தினமலர் அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இஞ்சேருங்கோ, நீங்கள் என்ன பொய்யை அவிழ்த்து விட்டிருக்கிறியள்?"

"நான் ஒண்டும் சொல்லேல்லையப்பா. சனம் தானா எழும்பி நிக்குது."

வியாழன் மாலை மேயர் ஒட்வார் ஊர் மண்டபத்தில் கூட்டம் வைத்தார். மண்டபம் நிரம்பி வழிந்தது. கோப்பியும் வாஃபிளும் மணத்தன. எங்கள் பதாகையை யாரோ வாங்கிக்கொண்டு போய் மேடையில் கட்டியிருந்தார்கள். அண்ணையை முன்வரிசையில் இருத்தினார்கள். மேயர் தொண்டையைச் செருமினார்.

"அஞ்சு லட்சம் பேரும் எங்களிட்ட வரமாட்டினம், அது எனக்கும் தெரியும். நாடு முழுக்கப் பிரிச்சால் எங்கட பங்குக்கு ஒரு நூற்றைம்பது பேர் வரும். ஒளிக்காமல் சொல்லுறன், எங்களுக்கு ஆக்கள் தேவை. எங்கட இளம் பிள்ளையள் எல்லாம் தெற்கே போட்டுதுகள். பள்ளிக்கூடத்தை மூடப் போறாங்கள். அதால சபாரட்ணம், உன்னட்ட ஒரே ஒரு வேண்டுகோள். முதல் கப்பலில பிள்ளை குட்டி உள்ள ஆக்களை அனுப்பு."

மண்டபம் கை தட்டியது. அண்ணை கை தட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல் இரண்டு கையையும் பாதியில் வைத்துக்கொண்டு இருந்தார்.

"எந்தத் திகதி?" என்று ஆர்ன்ஃபின் எழும்பினார். "இறங்குதுறையில நான் ஒழுங்கு செய்ய வேணும். அவ்வளவு பேருக்கும் மினுங்கிற அங்கி எங்கால?"

அண்ணை என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். இரத்தினமலர் அக்காதான் எழுந்தாள்.

"ஒருத்தரும் வரேல்லை" என்றாள். "ஆர் சொன்னது வருகினம் எண்டு?"

"நீங்கள்தானே சொன்னியள்" என்று யோர்டிஸ் கையை நீட்டினாள். "உதில எழுதிக் கிடக்கு. அஞ்சு லட்சம் தமிழர் குடிமாறுகிறார்கள். இப்போதே உதவுங்கள்."

நொஸ்க் மொழியில் தப்பி ஓடுவதற்கும் குடிமாறுவதற்கும் ஒரேயொரு எழுத்துத்தான் வித்தியாசம். எங்கள் தலைவர் அந்த எழுத்தைத்தான், மிக மிக அழகாக, பிழையாக எழுதியிருந்தார். அவருடைய கழுத்து சிவப்பானது தூரத்தில் இருந்த எனக்கே தெரிந்தது.

பின்னால் இரண்டொருவர் சிரிக்கத் தொடங்கினார்கள். அக்கா சிரிப்பு அடங்கும்வரை காத்திருக்கவில்லை. அவளுடைய நொஸ்க் துண்டு துண்டாகத்தான் வரும். அந்தத் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள்.

"குடிமாறேல்லை. ஓடுகினம். ஆமி வந்தது. ஒரே ராவில முழு ஊரும் நடந்தது. ஒடுங்கின றோட்டு. மழை. குடிக்கத் தண்ணி இல்லை, குடையைத் தலைகீழாப் பிடிச்சு மழைத்தண்ணி குடிச்சவையாம். அதுக்குள்ள என்ர அம்மா. அவவுக்கு முழங்கால் ஏலாது. எங்க எண்டு தெரியாது. உங்கட வீட்டுக்கு வர எங்களுக்கு விருப்பம்தான். அவையளால வர ஏலாது."

சிரித்தவர்கள் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

யோர்டிஸ் எழும்பினாள். "உங்களுக்கு மழையோ? எங்களுக்குப் பனி" என்றாள்.

ஐந்து வருடமாக அந்த ஊரில் இருந்தும் எங்களுக்கு ஒருவரும் சொல்லாத கதையை அவள் சொன்னாள். ஐம்பது வருடத்துக்கு முன், இதே மாதங்களில், உலகப்போரில் ஜெர்மன்காரர் பின்வாங்கும்போது எல்லோரையும் ஊரை விட்டுப் போகச் சொல்லி, ஒவ்வொரு வீடாகக் கொளுத்தினார்கள். தேவாலயத்தைக்கூட விடவில்லை. சனத்தை மீன்பிடிப் படகுகளில் அள்ளிக்கொண்டு தெற்கே போனார்கள். ஒளித்தவர்கள் குளிர்காலம் முழுவதும் குகையிலும் கவிழ்த்த படகுக்குக் கீழேயும் கிடந்தார்கள். யோர்டிஸுக்கு அப்போது பதினெட்டு வயது. இந்த ஊரில் வீடுகள் எல்லாம் ஏன் ஒரே அச்சாக இருக்கின்றன என்று எனக்கு அன்றுதான் விளங்கியது. கற்பனை இல்லாத சனம் என்றல்லவா நான் நினைத்திருந்தேன்.

"அம்மா தையல் மெஷினை மட்டும் தாட்டுப்போட்டு வெளிக்கிட்டவ" என்றாள் யோர்டிஸ். "திரும்பி வந்து தோண்டினால், கிடங்கு இருக்கு, மெஷின் இல்லை. ஆர் எடுத்தது எண்டு எங்களுக்குத் தெரியும்."

"இந்தக் கதையைத் திரும்ப எடுக்காதை!" என்று பின்னால் ஒரு கிழவர் துள்ளி எழும்பினார். "என்ர அப்பா உங்கட மெஷினைக் கண்ணாலயும் காணேல்லை!"

"அப்ப உன்ர அம்மா அடுத்த வருசம் எதில தைச்சவ? பல்லாலயோ?"

அவ்வளவுதான். அதுவரை வாயே திறக்காத கிழடுகள் எல்லாம் எழும்பிவிட்டன. யாருடைய பசுவை யார் கொன்று தின்றது, யார் குகைக்குள் நல்ல இடத்தைப் பிடித்தது, தெற்கே போன இடத்தில் யாரை வேலைக்காரி மாதிரி நடத்தினார்கள் என்று மண்டபம் தேன்கூட்டில் கல்லெறிந்த மாதிரி ஆனது. தூஷணம் தாராளமாகப் பறந்தது. அந்த வடபகுதியில் தூஷணம் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு மாதிரி. அது இல்லாமல் பேச்சுச் சிவக்காது. ஒரு கிழவி அழுதுகொண்டே திட்டினாள். மேயர், தன் தாய் அந்தக் குகையில்தான் தன்னைப் பெற்றார் என்று சொல்லிவிட்டு, மேடையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"ஒழுங்கு! ஒழுங்கு!" என்று சபாரட்ணம் அண்ணை மேசையில் தட்டினார். ஒருவரும் கேட்கவில்லை. என்னிடம் திரும்பி, "இது எங்கட கூட்டமெல்லோ சீலன்!" என்றார் பாவமாக.

"விடுங்கோ அண்ணை. எங்கட சனம் மாதிரித்தானே சண்டை பிடிக்கினம்."

அக்கா அந்த அழுத கிழவிக்குப் பக்கத்தில் போய் இருந்தாள். இரண்டு பேரும் என்ன கதைத்தார்கள் என்று தெரியாது. அன்றுதான், செய்தி வந்த பிறகு முதல் தடவையாக, அக்கா அழுததைக் கண்டேன்.

அடுத்த சனிக்கிழமை இன்னோர் ஊர்வலம் என்று முடிவானது. யோர்டிஸ் தூரிகையோடு வந்து அந்த ஒரு எழுத்தைத் திருத்தினாள். "சின்ன எழுத்துப்பிழை" என்றார் அண்ணை. "அஞ்சு லட்சம் பேரை என்ர மேல்வீட்டில ஏத்தப் பாத்த பிழை" என்றாள் அவள். அவளுக்குச் சங்கத்தில் ஒரு பதவி கொடுக்க வேண்டும் என்று அக்கா சொல்ல, சங்கத்தின் யாப்பு விதிகளின்படி தமிழர் அல்லாதோர் பதவி வகிக்க முடியாது என்று செயலாளர் நினைவுபடுத்தினார். இரத்தினமலர் அக்கா யாப்பை வாங்கி அலுமாரிக்கு மேல் போட்டுவிட்டு, மகளிர் அணி என்று ஒன்றைப் புதிதாகத் தொடங்கினாள். அதில் அவளும் யோர்டிஸும் இரண்டே பேர். இரண்டு பேரும் தலைவி.

ஆளுக்கொரு தீப்பந்தம் பிடித்துப் போவது அந்த நாட்டு வழக்கம். பாதி ஊர் வந்தது. கடற்கரையோரம் வெளிச்சம் வளைந்து வளைந்து போனது. தையல் மெஷின் கிழவரும் யோர்டிஸும் ஒரே வரிசையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தார்கள். ஆர்ன்ஃபினுக்கு அன்றும் மறிக்க ஒரு வாகனம் கிடைத்தது. ஊர்வலத்துக்குப் பிந்தி வந்த மேயரின் கார்.

துரொம்சோ நகரத்திலிருந்து தொலைக்காட்சிக்காரர் வந்திருந்தார்கள். அண்ணை நான்கு பக்கப் பேச்சு மனப்பாடம் பண்ணி வைத்திருந்தார். முழுவதையும் பதிவு செய்தார்கள். இரவுச் செய்தியில் வந்ததோ யோர்டிஸ் மட்டும். வெளிவிவகார அமைச்சருக்கு அவள் ஒரு செய்தி சொன்னாள். அதில் பாதியை 'பீப்' போட்டு மறைத்திருந்தார்கள். மிச்சப் பாதி தெளிவாக விளங்கியது: சனம் றோட்டில கிடக்குது, நீ கதிரையில கிடக்கிறாய், எழும்பு.

ஒஸ்லோத் தமிழ்ச் சங்கத் தலைவர் உடனே அழைத்தார். "சபாரட்ணம், ஆர் அந்த அம்மா? அவவை அடுத்த போராட்டத்துக்கு ஒருக்கா இஞ்ச அனுப்பேலுமோ?"

"நானும் பேசினனான்" என்றார் அண்ணை.

"ஓமோம், அது சந்தோஷம். அவவின்ர பயணச் செலவை நாங்கள் பாக்கிறம்."

அமைச்சர் எழும்பினாரோ இல்லையோ எங்களுக்குத் தெரியாது. கிறிஸ்துமஸுக்குச் சில நாள் முன், கொழும்பிலிருந்து அக்காவின் ஒன்றுவிட்ட தம்பி அழைத்தான். வன்னி வழியாகக் கொழும்புக்கு வந்த பாதிரியார் ஒருவர் கண்டு சொன்னாராம். அம்மா கொடிகாமத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருக்கிறாராம். அயல்வீட்டுப் பெடியன்கள் சைக்கிளில் வைத்து உருட்டிக்கொண்டு போனவர்களாம். இப்போது கிணற்றடியில் வரிசையை ஒழுங்குபடுத்துகிறேன் என்று முழு முகாமோடும் சண்டையாம்.

"அப்ப சுகமாத்தான் இருக்கிறா" என்றார் அண்ணை. மாமிக்கும் அவருக்கும் கலியாண நாளிலிருந்தே ஒத்துவராது. ஆனாலும் எழுந்து குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்தியவர் நெடுநேரம் வெளியே வரவில்லை. அக்கா கோட்டைக்கூடப் போடாமல் யோர்டிஸின் கடைக்கு ஓடினாள்.

அடுத்த வருடம் மாமி எப்படியோ கொழும்பு வெள்ளவத்தைக்கு வந்து சேர்ந்தார். முதல் தடவை தொலைபேசியில் கதைத்த நாள் நாங்கள் எல்லோரும் அந்த வீட்டில் கூடியிருந்தோம். தாயும் மகளும் அழுது முடிய, மாமி மருமகனைக் கேட்டார். அவருடைய குரல் ரிசீவரைத் தாண்டி எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"தம்பி, எங்களுக்காக அங்க ஊர்வலம் எல்லாம் போனியளாம். எவ்வளவு சனம் வந்தது?"

அண்ணை கழுத்துப்பட்டியைச் சரி செய்தார். "ஒரு ரெண்டாயிரம் வரும், மாமி."

"ஊரில எத்தினை பேர்?"

"ஆயிரத்து இருநூறு."

"இஞ்சால தாங்கோ போனை!" என்று இரத்தினமலர் அக்கா பாய்ந்தாள்.